இஸ்திரி அக்கா நேராக்கிய சுருக்கங்கள்

எந்த உடையைப் போட்டுப் பார்க்கச் சொன்னாலும் இஸ்திரி அக்காவிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: "சரியா இருக்கு." பொத்தான் தெறித்து எதிரே நிற்பவர் நெற்றியில் பட்டாலும் அதையேதான் சொல்வாள். மற்றபடி பொய் சொல்கிற ஆள் இல்லை. பேருந்தில் நடத்துநர் டிக்கெட் கொடுக்க மறந்தால் கூப்பிட்டு வாங்குகிறவள். உடை விஷயத்தில் மட்டும் அவளுடைய வாய் அவளைக் கேட்காமலே முந்திக்கொள்ளும்.

பள்ளிக்கூடத்தில் தொடங்கிய பழக்கம் அது. கடையில் விற்ற சீருடை எதுவும் அவளுக்குப் போதாது என்பதால், அம்மா இரண்டு பழைய சீருடைகளைப் பிரித்து ஒன்றாக்கித் தைத்துக் கொடுத்தாள். ஒரு பாதி வெளுத்தது, ஒரு பாதி வெளுக்காதது. "எப்படிடி இருக்கு?" என்று அம்மா கேட்டபோது அம்மாவின் விரல் நுனியில் ஊசி குத்திய புள்ளிகள் தெரிந்தன. அதைப் பார்த்தபிறகு ஒரு பிள்ளை வேறு என்ன சொல்லும்?

வளர்ந்த பிறகு கடைக்காரர்கள் பாடம் நடத்தினார்கள். ஒரு கடைக்குள் இவள் கால் வைத்ததுமே விற்கிற பெண் ஓடி வந்து, "உங்க சைஸ் இல்லீங்க" என்றாள். அக்கா அன்றைக்குக் குடை வாங்கப் போயிருந்தாள். வாங்காமலே திரும்பி, நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள்.

கல்யாண உடை இரண்டு விரல்கடை சின்னது. காலையில் இழுத்த மூச்சை மாலையில்தான் விட்டாள். அதனால் எல்லாப் போட்டோவிலும் தும்மல் வரப்போகிறவள் மாதிரியே நிற்பாள். "நான் தாலி கட்ட வரல, அறுக்க வந்தவன்னு நினைச்சுப் பயந்துட்டியோன்னு பாத்தேன்" என்று வீட்டுக்காரர் இன்றைக்கும் கிண்டல் செய்வார். அவர் லிஃப்ட் மெக்கானிக். கிண்டல் அதிகம், மனசும் அதிகம்.

இப்படியே நாற்பத்தேழு வயதுக்குள், துணிக்குத் தகுந்தபடி உடம்பை மடித்துக்கொள்வதில் அக்கா கைதேர்ந்துவிட்டாள். முழங்கையை விலாவோடு ஒட்டி வைப்பது, பாதி நாற்காலியில் உட்காருவது, பொத்தான் போடும்போது காற்றை வெளியேற்றுவது, பிறகு அளந்து அளந்து மூச்சு விடுவது. யாருக்கும் தெரியாது. அவளுக்கே பாதி நேரம் தெரியாது.

வேலை ஒரு ஃபேஷன் கம்பெனியில். அங்கே ஒரு கோட்டின் விலைக்கு ஒரு குடும்பம் ஓராண்டு வாடகை கட்டலாம். மூன்றாவது மாடியில் கண்ணாடிச் சுவரும் கம்பளத் தரையுமாக இருக்கும் அறைகளுக்கெல்லாம் பின்னால், சரக்கு லிஃப்டை ஒட்டி இஸ்திரி அறை. பதினெட்டு வருஷமாக அதில் அவள். பட்டுக்கு எவ்வளவு சூடு, கம்பளிக்கு எவ்வளவு ஆவி, வெல்வெட்டை எந்தப் பக்கம் தொடக்கூடாது எல்லாம் கைக்குத் தெரியும். அந்தக் கவுன்களின் இடுப்புக்குள் அவளுடைய ஒரு கைதான் நுழையும். கையை உள்ளே விட்டுத்தான் இஸ்திரி போடுவாள்.

அதற்காக மாடல் பெண்கள் மேல் அவளுக்குப் பொறாமை வந்ததில்லை. அரை ஆப்பிளைக் காகிதத்தில் சுற்றி வைத்துச் சாயங்காலம் வரை ஓட்டும் பிள்ளைகளைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கும். ஒரு முறை ஒருத்தி இஸ்திரி மேசையருகே மயங்கியே விழுந்தாள். அக்கா சர்க்கரை தூக்கலாகப் போட்டுத் தேநீர் கொடுத்தபோது, "இதைக் குடிச்சா நாளைக்கு ஜிப் ஏறாதுக்கா" என்று அழுதாள் அந்தப் பெண். துணிக்குப் பயந்தவர்கள் எல்லா அளவிலும் இருந்தார்கள்.

ஒரு வருஷம் கம்பெனிக்குப் புது யோசனை வந்தது. வசதியுள்ள, பருமனான வாடிக்கையாளர்கள் பலர் கடிதம் எழுதியிருந்தார்கள்: எங்களிடம் பணம் இருக்கிறது, உங்களிடம் எங்களுக்கு உடை இல்லை, ஏன்? கடிதம் நியாயமானது. டிசைனர் ஏழு உடைகளைப் பெரிய அளவில் செய்யச் சொன்னார். எப்படி? சின்ன அளவுக்கான காகித மாதிரியை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பெரிதாக்கி. தோள்பட்டை முழங்கைக்கு வந்தது, கழுத்து தோளுக்கு வந்தது.

"உடம்பு என்ன பலூனா சார், எல்லாப் பக்கமும் ஒண்ணா ஊதுறதுக்கு?" என்று கேட்டார் மாஸ்டரம்மா. துணி வெட்டும் பிரிவுக்குத் தலைவி அவர். முப்பது வருஷ அனுபவம், மூக்குமேல் கோபம். "எனக்கு ஒரு நிஜமான உடம்பு வேணும். அது மேல வெச்சு வெட்டினாத்தான் வரும்."

அப்படிச் சொன்ன கையோடு ஏதோ ஒரு கோட்டைத் தேடி இஸ்திரி அறைக்குள் வந்தவர், அக்காவைப் பார்த்து நின்றுவிட்டார். எதையோ தீய்த்துவிட்டோம் என்று அக்கா இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி அடியில் பார்த்தாள்.

"அக்கா, கொஞ்சம் திரும்புங்க."

திரும்பினாள்.

"உங்க உடம்பு எனக்கு வேணும்."

"எதுக்கும்மா?"

"வெட்டுறதுக்கு."

இஸ்திரிப் பெட்டி அந்தரத்தில் நின்றது. விளக்கம் சொல்லி முடிக்க மாஸ்டரம்மாவுக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று.

அன்று சாயங்காலமே அளவெடுத்தார். அக்காவுக்கு அளவெடுத்த தையல்காரர்கள் எல்லோரும் டேப் இடுப்புக்கு வரும்போது உச்சுக்கொட்டுவார்கள். ஒருவர், "துணி ரெண்டு மீட்டர் சேத்து வாங்கிட்டு வாங்க" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். மாஸ்டரம்மா உச்சுக்கொட்டவில்லை. அளந்தார், எழுதினார், அடுத்ததை அளந்தார். அவ்வளவுதான். அதற்கே அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. நீராவி பட்டுவிட்டது என்றாள். அந்த அறையில் நீராவியே கிடையாது.

வினை அங்கேதான் பிடித்தது. இத்தனை மரியாதையாக அளவெடுத்த மனுஷி, முதல் உடையை ஒத்திகைக்காக மலிவான காடாத் துணியில் தைத்து மாட்டிவிட்டு, குண்டூசியை வாயில் கவ்விக்கொண்டு, "எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டால், இறுக்குகிறது என்று எப்படிச் சொல்வது? அக்குளில் அறுத்தது. முதுகில் இழுத்தது. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு, முழங்கையை ஒட்டிக்கொண்டு, "சரியா இருக்கும்மா" என்றாள். அப்படி நிற்கிற உடம்பின்மேல் எந்தத் துணியும் ஒழுங்காகத்தான் இருக்கும்.

மாஸ்டரம்மா அதோடு விடவில்லை. நிஜத் துணியில் தைத்ததும் ஒவ்வொன்றையும் கொடுத்து, "அரை நாள் போட்டுக்கிட்டு வேலை பாருங்க, அப்புறம் கழட்டிக் கொடுங்க" என்றார். காரணம் சொல்லவில்லை. துணி எங்கே இழுபடுகிறதோ அங்கே சுருக்கம் விழும். அந்தச் சுருக்கத்தைப் படித்துத்தான் எங்கே தளர்த்துவது என்று அவர் கண்டுபிடிப்பார். மாடல் பெண்கள் கழற்றியதைக் கழற்றிய இடத்திலேயே போட்டுவிட்டுப் போகிறவர்கள். ஆகவே இஸ்திரி போடாதே என்று யாரிடமும் சொல்ல வேண்டிய தேவை அவருக்கு முப்பது வருஷத்தில் வந்ததில்லை.

அக்காவோ இஸ்திரிக்காரி. கசங்கிய துணியைத் திருப்பிக் கொடுப்பதா? அதுவும் தன் உடம்பு கசக்கிய துணியை? அக்குளில் விழுந்த சுருக்கம், முதுகில் குறுக்கே விழுந்த கோடு, தொடையில் பூத்த மடிப்பு எல்லாவற்றையும் ஆவி விட்டு நேராக்கி, கடையிலிருந்து வந்ததுபோலக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஏழு உடையும் அப்படியே. "ஒரு சுருக்கம்கூட இல்லையே!" என்று மாஸ்டரம்மா முகம் மலர்ந்தது. சந்தேகப்பட்டிருக்க வேண்டியவர்தான். ஆனால் தன் கை சுத்தத்தின்மேல் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. நமக்குப் பிடித்த செய்தியை நாம் எப்போது சோதித்துப் பார்த்திருக்கிறோம்?

மூன்று மாதம் கழித்து இருபது வாடிக்கையாளர்களை அழைத்தார்கள். பழங்களும் பூக்களும் வெள்ளிக் கோப்பைகளுமாக ஏற்பாடு. பல அளவுகளில் தைத்து வைத்த உடைகளைப் போட்டுக்கொண்டு அந்தப் பெண்கள் வெளியே வந்தபோது பார்க்க அழகாகத்தான் இருந்தது. பிறகு தேநீர் கொடுத்தார்கள். ஒருவருக்குக் கோப்பை வாய்க்கு வரவில்லை, வாய்தான் கோப்பைக்குப் போயிற்று. இன்னொருவர், ஒரு நீதிபதியம்மா, சோபாவில் உட்கார்ந்ததும் முதுகுத் தையல் மேலிருந்து கீழ்வரை சர்ரென்று விட்டது. அவர் சிரித்துவிட்டார். வேறு யாரும் சிரிக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் கூடம் காலி.

கிழிந்ததை வாங்கிப்போக வந்த அக்கா கதவருகே நின்றபோது உள்ளே டிசைனர் பேசியது காதில் விழுந்தது.

"துணியில குறை இல்ல மாஸ்டரம்மா. அந்த மாதிரி உடம்புக்கு நம்ம வெட்டு ஒத்து வராது, அவ்வளவுதான். திங்கட்கிழமை இந்தத் திட்டத்தை முறையா மூடிடலாம். நீங்க இனிமே சட்டைக்கை தைக்கிற பிரிவைப் பாத்துக்கோங்க."

எதிர்த்துப் பேசாத நாளே இல்லாத மாஸ்டரம்மா, "என் கைதான் சார் என்னை ஏமாத்திடுச்சு" என்று மட்டும் சொன்னார். அந்தக் கை ஏமாற்றவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் அக்காதான். சொன்னால் பதினெட்டு வருஷ வேலை போகும். சொல்லாவிட்டால் மாஸ்டரம்மாவின் பேர் போகும், 'அந்த மாதிரி உடம்பு' என்ற தீர்ப்பும் நிலைத்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். வழக்கமாக நடுவில் ஒரு கிண்டலாவது வரும். அன்று வரவில்லை.

"அப்ப கட்டில்?" என்றார்.

"கட்டிலுக்கு என்ன?"

"இடம் போதுமான்னு எத்தனையோ தடவை கேட்டிருக்கேன். போதும் போதும்னியே, அது?"

அக்கா தட்டைப் பார்த்தாள்.

"பதில் சொல்லு."

"ஒரு கால் வெளிய தொங்கும்," என்றாள் மெதுவாக.

அவர் கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார். "எந்த லிஃப்ட் எவ்வளவு பாரம் தாங்கும்னு தினம் பாக்குற ஆளு நான். பக்கத்துல படுத்திருக்கிறவளுக்கு இருபத்திரண்டு வருஷமா கால் தொங்குறது எனக்குத் தெரியல." தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "போய்ச் சொல்லிடு. வேலை போனா போகுது. எல்லாத்தையும் நீயே மடிச்சு மடிச்சு வெச்சிக்கிட்டா நாங்கல்லாம் எதுக்கு இருக்கோம்?" என்றார். அவருக்குக் கோபமா துக்கமா என்று அக்காவால் பிரிக்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலை வெட்டும் அறைக்குள் கதவைத் தட்டாமலே நுழைந்தாள். கம்பியில் ஏழு உடைகளும் தொங்கின. டிசைனர் நின்றுகொண்டிருந்தார், மாஸ்டரம்மா உட்கார்ந்திருந்தார்.

"சார், மாஸ்டரம்மா மேல தப்பு இல்ல. அவங்க ஒவ்வொரு தடவையும் கேட்டாங்க. நான்தான் பொய் சொன்னேன்."

"என்ன பொய்?" என்றார் டிசைனர்.

"எல்லாம் இறுக்குச்சு சார். ஏழும். நான் சரியா இருக்குன்னேன். போட்டுக்கிட்டு வேலை பாக்கச் சொன்னப்ப விழுந்த சுருக்கத்தையெல்லாம் இஸ்திரி போட்டு எடுத்துட்டேன்."

மாஸ்டரம்மா எழுந்தார். "மூணு மாசம்! வாய்க்குத் தையல் போட்டா வெச்சிருந்தீங்க? சொன்னா கடிச்சிடுவேன்னு நினைச்சீங்களா? நான் ராத்திரியெல்லாம் என் கையைப் பாத்து அழுதுட்டிருந்தேன், தெரியுமா உங்களுக்கு?"

"துணி இவ்வளவு நல்லா இருக்கும்போது உடம்புதானம்மா தப்பா இருக்கணும்?" என்றாள் அக்கா. சமாளிப்பதற்காகச் சொன்னதில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டாள்.

மாஸ்டரம்மா கம்பியிலிருந்து கோட்டை உருவினார். "போடுங்க. போட்டுட்டு மூச்சை விடுங்க. அப்படி இல்ல, முழுசா. வயித்தை யாருக்காக உள்ள இழுக்கிறீங்க? ம். இப்பக் கையைத் தூக்குங்க."

கை தோள்வரை வந்து நின்றது.

"எங்க?"

"சரியா..." என்று ஆரம்பித்துவிட்டு அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். நாற்பது வருஷப் பழக்கம்.

"அழுத பிள்ளைக்குத்தான் பால் கிடைக்கும் அக்கா. எங்க?"

"அக்குள்ள."

"என்ன பண்ணுது?"

"அறுக்குது." ஒன்று வந்ததும் மற்றதும் வந்தது. "முதுகுல குறுக்கால இழுக்குது. உக்காந்தா வயித்துல பொத்தான் குத்துது. கழுத்து பின்னால போகுது, அதைப் புடிச்சு இழுத்து இழுத்தே எனக்கு விரல் வலிக்குது. கை ரொம்ப நீளம்மா, குண்டா இருக்கிறவங்களுக்குக் கை நீளமா இருக்கும்னு யாரு சொன்னது?"

மாஸ்டரம்மா கத்தரிக்கோலை எடுத்து, அவள் உடம்பில் இருக்கும்போதே கோட்டுக் கையின் தையலை வெட்டினார். "ஐயோ, அது ஒரு மாச வேலை!" என்று டிசைனர் பதறினார். துணி விட்டது. அக்காவின் கை தானாக மேலே போயிற்று, தலைக்கு மேலே, முழுதாக. ஒரு கோட்டுக்குள் இருந்துகொண்டு அவள் கை அவ்வளவு உயரம் போனது அதுதான் முதல் தடவை. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது அவளுக்கு.

டிசைனர் கர்வி என்றாலும் கண் உள்ள மனிதர். வெட்டிய இடத்தில் அந்தக் கோட்டு எப்படி விழுகிறது என்பதைச் சுற்றிவந்து பார்த்தார். தாடையைத் தடவினார். "ஒரு மாசம். ஒரே ஒரு தடவை," என்றார். "அதே ஆளுங்களைக் கூப்பிடுவேன். ஒரு குறை வந்தாலும் மூடிடுவேன், அதுக்கப்புறம் இந்தப் பேச்சே கூடாது."

அந்த ஒரு மாதமும் அக்கா வாய் மூடவில்லை. பூட்டியிருந்த குழாயைத் திறந்துவிட்ட கதைதான். "பேசாம இருந்தப்பவே நல்லா இருந்தீங்க" என்று மாஸ்டரம்மா தலையில் கை வைத்துக்கொள்வார், ஆனால் சொன்னதையெல்லாம் குறித்துக்கொள்வார். ஏழு உடையும் பிரிந்து மறுபடி பிறந்தன.

இரண்டாவது முறை பன்னிரண்டு பேர்தான் வந்தார்கள். நீதிபதியம்மாவும் வந்தார். உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். ஒன்றும் கிழியவில்லை. கோப்பைகள் வாய்க்கு வந்தன. நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். டிசைனரின் முகத்தில் வெளிச்சம் ஏறிக்கொண்டே வந்தது. அக்கா ஆவிப்பெட்டியோடு ஓரத்தில் நின்றாள், கடைசி நேரத்தில் ஏதாவது கசங்கினால் நேராக்க.

கடைசியாக வந்தவர் ஒரு பல் டாக்டர். கண்ணாடியில் தன்னைப் பார்த்து நாசூக்காகச் சிரித்துவிட்டு, "ரொம்ப அழகா இருக்கு சார். நான்தான் ரெண்டு மூணு கிலோ இளைக்கணும். இளைச்சிட்டு வந்து வாங்கிக்கிறேன்" என்றார்.

"தாராளமா!" என்றார் டிசைனர். அவரைப் பொறுத்தவரை ஒரு குறையும் வரவில்லை.

அக்கா பார்த்தாள். டாக்டரம்மாவின் முழங்கை இரண்டும் விலாவோடு ஒட்டியிருந்தன. பேசும்போது மட்டும் கொஞ்சமாக மூச்சு விட்டு, உடனே பிடித்துக்கொண்டார். அந்தக் கூடத்தில் வேறு யாருக்கும் அது தெரிய நியாயமில்லை. சும்மா இருந்தால் எல்லாம் நல்லபடியாக முடியும். மாஸ்டரம்மாவின் பேர் நிற்கும், தன் வேலை நிற்கும். வாயைத் திறந்தால் ஒரு மாத உழைப்பும் போகலாம். ஆவிப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நேரே நடந்தாள்.

"நீங்க ஏம்மா இளைக்கணும்?"

மாஸ்டரம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"மூச்சை விடுங்க முதல்ல," என்றாள் அக்கா.

டாக்டரம்மா தயங்கினார். பிறகு விட்டார். கோட்டின் முன்பக்கம் இரண்டு விரல் அளவு திறந்துகொண்டது.

"எங்க இறுக்குது?"

"இல்ல, பரவாயில்ல..."

"பரவாயில்லைன்னு சொல்லாதீங்க. எங்க?"

"மார்புக்குக் கீழ," என்றார் டாக்டரம்மா, தப்புச் செய்த பிள்ளை மாதிரி. "நாள் முழுக்கக் குனிஞ்சு வேலை பாக்கிறவ நான். குனிஞ்சா குத்துது."

"அது துணியோட தப்பும்மா. உங்க தப்பு இல்ல."

சொன்ன பிறகுதான் அக்காவின் காதிலேயே அது விழுந்தது. அவளுக்கு அதை இதுவரை யாரும் சொன்னதில்லை. முகம் சூடேறிப்போய் நின்றாள்.

டாக்டரம்மா அவளை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை பார்த்தார். "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நாப்பது வருஷமா நானும் மூச்சைப் புடிச்சிக்கிட்டுதாங்க இருந்தேன்."

பிறகு கண்ணாடிப் பக்கத்திலிருந்து நீதிபதியம்மா திரும்பி வந்தார். "கேக்கிறீங்கன்னா சொல்றேன். எனக்கு இடது தோள்ல கொஞ்சம் இழுக்குது." அவருக்குப் பின்னால் இன்னொருவர், "எனக்கும் இங்க, இடுப்புல," என்றார். நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கோப்பையை வைத்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். ஒருவரும் வாசல் பக்கம் போகவில்லை. எல்லோரும் அக்காவிடம் வந்தார்கள்.

மாஸ்டரம்மா கண்ணைத் திறந்து அந்த வரிசையைப் பார்த்தார், பிறகு டிசைனரைப் பார்த்தார். "வேணாம்னு நினைக்கிறவங்க இவ்வளவு நேரம் நிக்க மாட்டாங்க சார்," என்றார்.

ஒரு குறை வந்தால் மூடிவிடுவேன் என்ற டிசைனருக்கு முன்னால் இப்போது பன்னிரண்டு குறைகள் நின்றன. வரிசையை ஒரு தடவை எண்ணிவிட்டு, உள்ளறைக்குப் போய்க் கைப்பிடி இல்லாத அகலமான நாற்காலி ஒன்றைத் தானே தூக்கிக்கொண்டு வந்து அக்காவின் பக்கத்தில் போட்டார். "நேரமாகும் போல இருக்கு. உக்காந்து கேளுங்க," என்றார்.

இஸ்திரி அக்கா நன்றாகச் சாய்ந்து, முழு நாற்காலியிலும் உட்கார்ந்தாள். "ம், சொல்லுங்கம்மா. எங்க இழுக்குது?"